கலைக்காத கொலு

உங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், கொஞ்சம் நிமிர்ந்து எதிர்ச் சுவரைப் பாருங்கள். ஒரு ஷோகேஸ் இருக்கும். அல்லது டி.வி.யைச் சுற்றிப் பலகை அடித்து, பக்கத்துக்கு நாலு தட்டு வைத்து, 'டி.வி. யூனிட்' என்று பெயர் மாற்றிக்கொண்ட ஷோகேஸ் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று இங்கிருந்தே சொல்லட்டுமா?

ஆக்ராவில் வாங்கிய தாஜ்மகால், வாங்கின பிளாஸ்டிக் பெட்டியோடு. கன்னியாகுமரிச் சிப்பியில் செய்த ஏதோ ஒன்று. மயிலா, விளக்கா என்று வாங்கியவருக்கே மறந்துவிட்டது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, ஆடுவதற்கு இடமில்லாமல். மூத்த பையன் மூன்றாம் வகுப்பில் 'லெமன் அண்ட் ஸ்பூன்' ஓடி ஜெயித்த கப். பாலிதீன் உறை பிரிக்காத கரடி பொம்மை. வயிற்றைக் காட்டிச் சிரிக்கும் புத்தர். கல்யாணத்துக்கு யாரோ கொடுத்து, இன்றுவரை ஒரு சொட்டு டீ பார்க்காத டீ செட். இவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரு கண்ணாடி பதித்திருப்பதால் எல்லாமே இரண்டிரண்டு.

சிரிக்கிறீர்கள். தப்பில்லை. ஆனால் கேலி செய்வதற்காக இதை எழுத உட்காரவில்லை.

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். கச்சேரிக்கு எழுதுகிறோம். ஓட்டல் சாம்பாருக்குக்கூட நட்சத்திரம் போடுகிறோம். ஒரு குடும்பம் பத்து வருஷமாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சண்டை போட்டு, சமாதானமாகி உருவாக்குகிற ஹாலுக்கு மட்டும் விமர்சனம் கிடையாது. வருகிறவர்கள் "நல்லா இருக்குங்க" என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அது விமர்சனம் இல்லை, மரியாதை. இந்த வாரம் அந்த வேலையைச் செய்து பார்க்கலாம். பணம் படைத்தவர்களின் வீடு நமக்கு வேண்டாம். அதற்கென்று வழவழ தாளில் தனிப் பத்திரிகைகள் இருக்கின்றன. வீட்டு வாடகை, இ.எம்.ஐ., ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் போக மாசம் மிஞ்சுவதில் வீட்டை அழகுபடுத்த நினைக்கிற நம்மைப் போன்றவர்களின் அலங்காரத்தைப் பற்றித்தான் பேச்சு.

குறைந்த செலவு அலங்காரம் என்று வந்துவிட்டால் நான் முதல் பரிசு கொடுப்பது நவராத்திரிக் கொலுவுக்கு. பக்தியை ஒரு நிமிஷம் தள்ளி வைத்துவிட்டு, ஒரு டிசைனர் கண்ணோடு அதைப் பாருங்கள். டிரங்குப் பெட்டி, பழைய மேஜை, அரிசி டின், அதற்கு மேல் தடித்தடியாகப் புத்தகங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆட்டம் காணாமல் முட்டுக் கொடுத்து, மேலே ஒரு வெள்ளை வேஷ்டியை இழுத்து மூடினால் படிக்கட்டு தயார். வேஷ்டி விழுந்த மாத்திரத்தில் அரிசி டின் காணாமல் போய்விடுகிறது. அந்த வெள்ளைப் பின்னணியில் காஞ்சிபுரத்துக் களிமண் பொம்மையும் பண்ருட்டிப் பொம்மையும் நிற்கும்போது அவற்றின் நிறம் எடுக்கிற மாதிரி எந்த மரப் பலகையிலும் எடுக்காது. கீழே தெருவில் அள்ளிவந்த மணலைக் கொட்டி, ஒரு வாரம் முன்பே கேழ்வரகோ வெந்தயமோ தூவி முளைக்க வைத்தால் வயல். அப்பா ஷேவ் பண்ணும் கண்ணாடியைப் படுக்க வைத்தால் குளம். குளத்தில் பிளாஸ்டிக் வாத்து. மொத்தச் செலவு அநேகமாக வாத்துக்கு மட்டும்தான்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். குளம் ஷேவிங் கண்ணாடி என்று பார்க்க வருகிற மாமிக்குத் தெரியும். அவர்கள் வீட்டிலும் அதே கண்ணாடிதான். "வயல் நன்னா வந்திருக்கே, எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்பாரே தவிர, நிஜ வயலா என்று கேட்க மாட்டார். பிறகு முக்கியமான விஷயம்: பத்தாம் நாள் ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் அத்தனையையும் பழைய துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறோம். அடுத்த வருஷம் திறக்கும்போது, "அட, இந்தச் செட்டியார் பொம்மையை மறந்தே போய்ட்டேன்" என்று ஒரு சந்தோஷம் வருமே, அது கொலுவின் சொத்து.

ஷோகேஸ் என்பது கலைக்காத கொலு. அதுதான் அதன் பிரச்னை. பொம்மைகள் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. தாஜ்மகாலும் லெமன் ஸ்பூன் கப்பும் அந்த வீட்டின் சரித்திரம். ஆனால் ஒரே இடத்தில் ஒரே பொருளை வருஷக்கணக்கில் வைத்தால் பதினைந்தாம் நாளிலிருந்து கண் அதைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. பிறகு அதைப் பார்ப்பவர் இரண்டே பேர்தான். புதிதாக வரும் விருந்தாளி, தூசி தட்டும் ஆள். மூன்றே மூன்று பொருளை வெளியே வைத்து மிச்சத்தைப் பெட்டியில் போட்டு, பொங்கலுக்கு ஒரு முறை, ஆடிக்கு ஒரு முறை மாற்றி வையுங்கள். காலணா செலவில்லை. டீ செட்டில் டீ குடியுங்கள். உடைந்தால் உடையட்டும், அது செய்யப்பட்ட காரியத்துக்காவது உபயோகப்பட்டதே.

அடுத்து ஸ்டிக்கர். தேக்கு மரம் மாதிரி ரேகை போட்ட ஸ்டிக்கர், மார்பிள் மாதிரி ஸ்டிக்கர், செங்கல் சுவர் மாதிரி தொட்டால் அமுங்குகிற ஸ்பாஞ்ச் ஷீட். நிஜ செங்கல் சுவருக்கு மேல் சிமென்ட் பூசி, அதற்கு மேல் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, அதற்கும் மேல் செங்கல் படம் ஒட்டுகிறோம். உள்ளே இருக்கிற செங்கல்லுக்குக் காது இருந்தால் அழும்.

"காசு இருந்தா நாங்க ஏன் சார் ஸ்டிக்கர் ஒட்டறோம்? நிஜத் தேக்கையே போட்டுட மாட்டோமா?" என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல், 'நகல் என்றாலே மட்டம்' என்று மேல்தட்டு ரசனைக்காரர்கள் மாதிரி மூக்கைச் சுளித்துவிட்டுப் போக முடியாது. ஏனென்றால் நம் ஊர் வீட்டுச் சுவரின் கதையே நகலில்தான் ஆரம்பிக்கிறது.

ரவிவர்மா 1894-ல் பம்பாயில் ஜெர்மன் தொழில்நுட்பத்தோடு ஒரு அச்சகம் ஆரம்பித்தார். அரண்மனையில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்த எண்ணெய் ஓவியம் அதன்பிறகு சாமானியர் வீட்டுக்கு வந்தது. ஓலியோகிராஃப் என்று அதற்குப் பெயர். பல நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு, வார்னிஷ் பூசி, கான்வாஸ் துணியின் சொரசொரப்புத் தெரிகிற மாதிரி காகிதத்தில் அழுத்தம் கொடுத்து, எண்ணெய் ஓவியம் போலவே தோன்ற வைக்கிற வித்தை. அந்தக் காலத்து ஸ்டிக்கர் என்று வேண்டுமானால் சொல்லுங்கள். ஆனால் நம் பெண்கள் அதை அப்படியே விடவில்லை. அச்சில் வந்த லட்சுமிக்கு நிஜத் துணியில் புடவை வெட்டி ஒட்டினார்கள். ஜரிகை வைத்தார்கள். சமுக்கி தைத்தார்கள். அப்படி அலங்கரித்த படங்களை இப்போது பழம்பொருள் சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

அதற்கு அடுத்த தலைமுறையில் சிவகாசி காலண்டர் வந்தது. கோவில்பட்டி கொண்டையராஜுவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பெயர் தெரியாவிட்டாலும் படம் தெரியும். நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதியவர், அந்த வழியில் கோவில்பட்டிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். 1976-ல் இறக்கும்வரை அவரும் அவருடைய சீடர்களும் வரைந்து தள்ளிய கஜலட்சுமிகளும் முருகன்களும்தான் ஜவுளிக்கடை, நகைக்கடை காலண்டர்களில் அச்சாகி ஊர் ஊராகப் போயின. விலை? சும்மா. துணி வாங்கினால் கொடுப்பார்கள். வருஷம் முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்துவிட்டு, கடைப் பெயர் இருக்கிற அடிப்பகுதியை வெட்டி, ஃப்ரேம் கடையில் கொடுத்துச் சட்டம் போட்டால் பூஜை அறைக்கு ஒரு படம். தமிழ்நாட்டில் ஒரு கலைஞரின் வேலை இத்தனை வீட்டுக்குள் வேறு எந்த வழியில் போயிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு ஆர்ட் கேலரிக்கும் அந்தப் பாக்கியம் இல்லை.

ஆத்தங்குடிக் கல்லையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். செட்டிநாட்டு வீடுகளுக்கு வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த தரைக் கற்களைப் பார்த்து உள்ளூரில் செய்ய ஆரம்பித்தது என்றுதான் சொல்வார்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடித் துண்டின் மேல் ஒரு இரும்பு அச்சை வைத்து, பூவுக்கு ஒரு நிறம், இலைக்கு ஒரு நிறம் என்று சிமென்ட் கரைசலைக் கையால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே அந்த ஊர் மணலும் சிமென்ட்டும் கலந்து அப்பி, காயவிட்டுத் தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை. ஊறி எடுத்தால் கண்ணாடி தானாகக் கழன்று வரும். அந்தக் கண்ணாடியின் வழவழப்பு கல்லில் இருக்கும். நடக்க நடக்கப் பளபளப்புக் கூடும். நகலாக ஆரம்பித்த சரக்குதான். இன்று அதை நகல் என்று யாராவது சொல்வார்களா?

அப்படியானால் தேக்கு ஸ்டிக்கர் என்ன பாவம் செய்தது?

வித்தியாசம் இருக்கிறது. லட்சுமி படத்தை வாங்கிய அம்மாள், வருகிறவர்கள் அதை ரவிவர்மாவின் ஒரிஜினல் என்று நம்ப வேண்டும் என்பதற்காக வாங்கவில்லை. அவருக்கு வேண்டியது லட்சுமி. ஆத்தங்குடிக்காரருக்கு வேண்டியது காலுக்குக் குளிர்ச்சியான, கண்ணுக்கு அழகான தரை. தேக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவருக்கு வேண்டியது தேக்கு அல்ல. அதைத் தேக்கு என்று அடுத்தவர் நினைக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்டிக்கரின் ஆயுள், விருந்தாளி கிட்டே வந்து தொட்டுப் பார்க்கும் வரைக்கும். அதற்குப் பிறகு, வாரா வாரம் ஓரம் பிரிந்து சுருண்டுகொண்டு வரும் அந்தத் தாளோடு குடித்தனம் நடத்தப் போவது நீங்கள். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பூ ஒட்டுங்கள், யானை ஒட்டுங்கள், பச்சைக் கலர் ஒட்டுங்கள். காகிதம் காகிதமாக இருந்தால் அசிங்கமில்லை.

இதே வியாதியின் காஸ்ட்லி வடிவம் ஃபால்ஸ் சீலிங். பட்ஜெட் அலங்காரம் என்று ஆரம்பித்தவர்கள் பலரும் கடைசியில் கடன் வாங்குவது இதற்குத்தான். பத்தடி உயரம் இருந்தால் அதிகம் என்கிற ஃபிளாட்டில், தகர சேனல் அடித்து, ஜிப்சம் பலகை மாட்டி, அரை அடியை விழுங்கி, விளிம்பில் நீல லைட் ஓடவிட்டு, ஃபேனை இன்னும் கீழே இறக்கினால் ஹால் ஒரு மினி கல்யாண மண்டபம். ஏ.சி. குளிர்ச்சி கொஞ்சம் நிற்கும் என்பது ஒரு லாபம், ஒப்புக்கொள்கிறேன். மாடி வீட்டு பாத்ரூமில் கசிந்தால் இலங்கை வரைபடம் மாதிரி ஒரு மஞ்சள் கறை வரும் பாருங்கள், அது எந்தக் கேட்லாக்கிலும் இருக்காது. கிரகப்பிரவேசத்துக்கு வந்த நூறு பேரும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்கள். கடன் மூன்று வருஷம்.

கூரையை அழகாக்கச் செலவைக் கூட்டத்தான் வேண்டும் என்று இல்லை. திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் என்று ஒரு மனிதர் இருந்தார். பர்மிங்காமில் 1917-ல் பிறந்த இங்கிலாந்துக்காரர். தொழுநோயாளிகளுக்கான கட்டடம் கட்ட இந்தியா வந்து, இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, இந்தியக் குடிமகனாகி, 2007-ல் திருவனந்தபுரத்திலேயே கண்ணை மூடினார். ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதே அவர் தொழில். கான்கிரீட் தளத்தின் அடிப்பாதியில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை, இழுவிசையைத் தாங்குவது கம்பிதான் என்பது இன்ஜினீயரிங் பாடம். பேக்கர் அந்த வேலையில்லாத கான்கிரீட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மங்களூர் ஓடுகளை வைத்தார். சிமென்ட் மிச்சம், தளத்தின் எடை குறைவு, ஓடுகளுக்கிடையே காற்று நிற்பதால் வெக்கையும் குறைவு. அடியில் பூசாமல் விட்டுவிட்டால், அண்ணாந்து பார்க்கும்போது வரிசை வரிசையாகச் சிவப்பு ஓடு. அலங்காரத்துக்கென்று அவர் அதைச் செய்யவில்லை. செலவைக் குறைக்கச் செய்தார், அழகு கூடவே வந்துவிட்டது.

ஜன்னலிலும் அதே கதைதான். மரச் சட்டம், கம்பி, கண்ணாடி, கொக்கி என்று ஜன்னலுக்குச் செலவு செய்வதற்குப் பதிலாகச் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கி ஓட்டைச் சுவராக எழுப்பினார். காற்று வரும், திருடன் வர முடியாது. காலை வெயிலில் அந்த ஓட்டைகள் தரையில் போடுகிற கோலத்தை எந்தக் கடையிலும் விற்பதில்லை. சில சுவர்களில் காலி பாட்டில்களைப் பதித்து, வெளிச்சத்தைப் பச்சையாகவும் பழுப்பாகவும் உள்ளே விட்டார். புதிதாக வீடு கட்டப் போகிறவர்கள் இன்டீரியர்காரரிடம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு ஒரு முறை திருவனந்தபுரம் போய், தம்பானூர் பஸ் ஸ்டாண்டு அருகே அவர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸில் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். சுருள் சுருளாகச் சுற்றி மேலே ஏறுகிற கட்டடம், நெடுக ஓட்டைச் சுவர். காபிக் காசுதான் செலவு.

வாடகை வீட்டுக்காரர்கள் முறைப்பது தெரிகிறது. "நாங்க கூரையில ஓடு வைக்கறதா? சுவத்துல ஆணி அடிக்கவே ஓனர் விட மாட்டேங்கறாரு!"

உண்மை. பட்ஜெட் அலங்காரம் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் சுவர் உங்களுடையது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். 'ஒரு சுவரை மட்டும் அடர்நிறத்தில் அடியுங்கள்.' காலி பண்ணும்போது அட்வான்ஸில் பிடிப்பது யார்? 'குடும்பப் படங்களை மாடிப்படிச் சுவரில் வரிசையாக மாட்டுங்கள்.' மாடிப்படி நாலு வீட்டுக்கும் பொது, அங்கே சைக்கிள் நிற்கிறது. பழைய தெருக்களில் அருமையான சிவப்பு ஆக்ஸைடு தரையோடு வீடு கிடைத்தால், அதையும் ஓனர் வாடகை ஏற்றுவதற்காக உடைத்துவிட்டு டைல்ஸ் போட்டுவிடுகிறார். அப்படித் தரை கிடைத்தவர்கள் தயவுசெய்து அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மூடாதீர்கள். வாரத்துக்கு ஒரு நாள் துடைத்தபிறகு துளித் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் போதும். வழுக்குகிற அளவுக்கு வேண்டாம், வீட்டில் பெரியவர்கள் இருப்பார்கள்.

ஆணி அடிக்காமல் மாற்றக்கூடியவை இரண்டு. ஒன்று, துணி. திரைச்சீலைக் கடையில் தொங்குகிற கனத்த பாலியஸ்டர், ஏ.சி. ஓடுகிற குளிர்ப்பிரதேச பங்களாவுக்குத் தைத்தது. நமக்கு வேண்டியது காற்றில் அசைகிற பருத்தி. பீரோவுக்குள் ஓரம் கிழிந்த ஒரு சுங்குடிப் புடவையோ கண்டாங்கியோ இல்லாத வீடு உண்டா? புடவை ஐந்தரை மீட்டர். ஒன்றரை மீட்டராக வெட்டினால் ஜன்னலுக்கு மூன்று துண்டு. மிச்ச ஒரு மீட்டரில் தலையணை உறை. சுங்குடியின் புள்ளிகளுக்குப் பின்னால் சாயங்கால வெயில் விழும்போது அந்த அறையைப் பார்க்க வேண்டும். தையல் கூலி மட்டும் ஆகும். 'அம்மா புடவையை வெட்டறதா' என்று ஒரு மனத்தடை வரும். பீரோவில் மடிப்பு மடிப்பாக இற்றுப்போவதைவிட ஜன்னலில் இருக்கட்டுமே.

இரண்டாவது, வெளிச்சம். நம் வீடுகளில் அலங்காரத்தைக் கெடுப்பதில் முதலிடம் சுவர் உச்சியில் இருக்கும் அந்த ஒற்றை ட்யூப்லைட்டுக்கு. முகம், சுவர், சாதம், பாடப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே வெள்ளையில் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி கழுவி விடுகிறது. நூறு ரூபாயை ஒட்டிக் கிடைக்கிற மஞ்சள் எல்.இ.டி. பல்பு ஒன்றை மூலையில், ஆள் உட்கார்ந்தால் தோள் உயரத்தில் இருக்கிற மாதிரி வையுங்கள். பழைய வயர் கூடைக்குள் வைத்தால்கூடப் போதும், பின்னலின் நிழல் சுவரில் விழும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ட்யூப்பை அணைத்துவிட்டு அதை மட்டும் போட்டுப் பாருங்கள். படிக்கிற பிள்ளைக்குத் தனியாக வெள்ளை விளக்கு கொடுங்கள், அவனை மஞ்சளில் படிக்க வைக்க வேண்டாம்.

இத்தனை நேரம் ஹாலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், கவனித்தீர்களா? செலவுக் கணக்கும் அப்படித்தான். சோபா, ஷோகேஸ், சீலிங், டி.வி.க்குப் பின்னால் ஸ்டிக்கர் எல்லாம் ஹாலுக்கு. விருந்தாளி வந்தால் அரை மணி உட்காருகிற இடம். வீட்டில் ஒருவர் தினமும் காலையும் மாலையுமாக நாலு மணி நேரம் ஒரு சுவரை முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அது சமையலறைச் சுவர். அங்கே என்ன இருக்கிறது? எண்ணெய் படிந்த டைல்ஸ், கேஸ் புக் பண்ணிய தேதி எழுதிய துண்டுச் சீட்டு, எப்போதோ நின்றுபோன பேட்டரிக் கடிகாரம். அம்மாவோ மனைவியோ இருபது வருஷம் பார்த்த காட்சி இதுதான். அலங்காரத்துக்கு என்று ஒதுக்கிய பணத்தில் ஒரு ரூபாய்கூட இந்தக் கண்களுக்குச் செலவானதில்லை. ஹாலுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணை இதைப் பார்த்தபிறகு பாதியாகக் குறைத்துவிடுவேன்.

அங்கே இருக்கும் லைட்டைப் பாருங்கள். முதுகுக்குப் பின்னால், கதவுக்கு மேலே மாட்டியிருக்கும். காய் நறுக்குகிற பலகை மேல் விழுவது வெளிச்சம் அல்ல, நறுக்குகிறவரின் நிழல். கத்தி எங்கே இறங்குகிறது என்பது கைப்பழக்கத்தில்தான் தெரிகிறது. மேடைக்கு மேலே இருக்கும் அலமாரியின் அடிப்பக்கத்தில் ஒட்டுகிற மாதிரி ஒல்லியான எல்.இ.டி. பட்டை எலக்ட்ரிக் கடைகளில் கிடைக்கிறது. சில நூறு ரூபாய் ஆகும். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பில் நின்றுவிடும், ஓனர் வாயைத் திறக்க முடியாது. கூடவே பூஜை அறையில் இடமில்லாமல் சுருட்டி வைத்திருக்கும் பழைய காலண்டர்களில் அவருக்குப் பிடித்தது எது என்று கேட்டு, அதையும் அந்தச் சுவரில் ஆவி படாத பக்கமாக மாட்டுங்கள். பிளக் பாயிண்ட் மிக்ஸிக்குப் பக்கத்தில் இருக்கும்.